படர்க்கையும் முன்னிலையும்: முத்துக்குளித்துறையின் முதல் உரைநடை

தமிழ் உரைநடை வரலாற்றை எழுதப் புகுவோர் இறையனார் களவியல் உரையில் தொடங்கி, இளம்பூரணர் முதலிய உரையாசிரியர்களைக் கடந்து, தத்துவ போதகரிடத்தும் வீரமாமுனிவரிடத்தும் வந்து நிற்பது பெருவழக்கு. இடையே, பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அச்சேறிய நான்கு நூல்கள் உள்ளன. தம்பிரான் வணக்கம் (கொல்லம், 1578), கிரிசித்தியானி வணக்கம் (கொச்சி, 1579), கொம்பெசியொனாயரு (கொச்சி, 1580), அடியார் வரலாறு (1586) என்பன அவை. இவற்றிற்கு, 'அச்சில் வந்த முதல் தமிழ் நூல்கள்' என்னும் பெருமையைத் தயங்காது வழங்குகிறோம். அஃது அச்செழுத்தின் பெருமை. நூலின் பெருமை அன்று. நூலைப் பற்றிக் கேட்டாலோ, கொச்சைத் தமிழ், பிறமொழிச் சொல் மலிந்த நடை, இலக்கிய நயம் இல்லாதது என்னும் மூன்று தொடர்களோடு பேச்சு முடிந்துவிடுகிறது. இத்தீர்ப்பு மீண்டும் ஆராயப்பட வேண்டியது என்பதே இக்கட்டுரையின் கருத்து. நூல் எவ்வாறு எழுதப்பட்டது என்று கேட்குமுன், யாருக்கு எழுதப்பட்டது என்று கேட்டிருக்க வேண்டும். அவ்வாறு கேளாமையே இத்தீர்ப்பின் குறை.

அவை எழுதப்பட்டது பரதவர்க்கு. தமிழ் இலக்கியத்திற்குப் பரதவர் புதியவர் அல்லர். ஐந்திணையுள் ஒரு திணையே அவர்தம் நிலத்தின் பெயரால் அமைந்தது. அம்மூவனார் நெய்தலை நூறு பாடலாகப் பாடி ஐங்குறுநூற்றில் வைத்தார். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில், முழுமதி நாளன்று கடல்மேற் செல்லாத பரதவர் சுறாவின் கொம்பை நட்டுத் தெய்வம் பரவியதை ஓவியம்போல் காட்டினார். இளங்கோவடிகள் கானல்வரி தந்தார். எனினும் இவ்விடங்களில் பெரும்பாலும் பரதவர் காணப்படுவோரே, கேட்போர் அல்லர். புலவன் தன்போல் கற்றாரை நோக்கிப் பரதவரைப் பற்றிப் பேசுகிறான். இலக்கணத்தார் கூறும் மூவிடத்துள் பரதவர்க்கு வாய்த்தது படர்க்கை இடம்.

நற்றிணையின் நாற்பத்தைந்தாம் பாட்டு இதற்கு மறுப்பாகக் காட்டப்படலாம். பெருங்கடலுட் சென்று மீன் கொணரும் பரதவர் மகள் இவள், நீயோ செல்வம் மிக்க ஊரின் தலைவன் மகன், மீன் நாறும் எம்மை விட்டு அகல்க என்று தோழி தலைவனை விலக்கும் பாட்டு அது. அங்கே நெய்தல் நிலத்துப் பெண் தன்மையில் பேசுகிறாள். அதுவும் தன் குலத்தின் தன்மதிப்புத் தோன்றப் பேசுகிறாள். சங்கப் பாடல்களுள் இதனினும் நேரான குரல் பரதவர்க்கு வாய்த்ததாக யான் கருதவில்லை. ஆயினும் அப்பேச்சும் அகத்திணை மரபு அறிந்த அவையின் செவிக்கே உரியது. கட்டுமரம் கரை சேர்த்து வலையை உணக்குகின்றவனை முன்னிலைப்படுத்தி, அவன் கேட்டு, அவன் நாவால் திருப்பிச் சொல்ல வேண்டும் என்னும் நோக்கத்தோடு செய்யப்பட்ட தமிழ், பதினாறாம் நூற்றாண்டிற்றான் எழுத்திற்கு வருகிறது.

அது வந்த சூழலைச் சுருக்கமாகக் கூறினால் போதும். முத்துக்குளிக்கும் உரிமை பற்றிக் கரையில் எழுந்த பூசல் முற்றிய நிலையில், குதிரை வணிகரும் கிறித்தவருமான இழுவாம் தெ குரூசு என்பார் சொற்படி, பரதவர் தலைவர்களாகிய பட்டங்கட்டிகள் கொச்சிக்குத் தூது சென்று போர்த்துக்கீசியரின் காவலை வேண்டினர். அதன் விளைவாக 1535-க்கும் 1537-க்கும் இடையே கரையூர்களில் ஏறத்தாழ இருபதாயிரவர் திருமுழுக்குப் பெற்றனர். இஃது அரசியல் உடன்பாடு என்பதை இன்று ஒருவரும் மறுப்பதில்லை. அதனை இழிவாகக் கருத வேண்டுவதும் இல்லை. தம் உயிரையும் துறையையும் காத்துக்கொள்ள ஒரு குலம் செய்த முடிவு அது. இலக்கிய ஆராய்ச்சிக்கு இன்றியமையாத செய்தி வேறொன்று. முழுக்கு முன்னர் வந்தது. போதனை பின்னர் வந்தது. ஆகவே, இக்கரைக்கு எழுதப்பட்ட நூல்களில் வாதம் இல்லை. பிற சமயத்தை மறுக்கும் பகுதியை நாடி அவற்றை ஆராய்பவர் ஏமாற்றம் அடைவர். முன்பே கிறித்தவர் எனப் பெயர் பெற்றவர்க்கு அப்பெயரின் பொருளைக் கற்பிக்க எழுந்தவை அவை. 'மதமாற்ற இலக்கியம்' என்று அவற்றைப் பெயரிட்டு ஒதுக்குவதும் புகழ்வதும் ஒருங்கே பிழைபட்டன. பயிற்சி இலக்கியம் என்பதே தக்க பெயர்.

அப்பயிற்சியைத் தொடங்கியவர் பிரான்சிசு சவேரியார். அவர் 1542-ஆம் ஆண்டு மே மாதம் கோவாவில் இறங்கி, அவ்வாண்டின் இறுதிப் பகுதியில் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அவருடைய தாய்மொழி பாசுக்கு. அவர் எழுதியதும் பேசியதும் பெரும்பாலும் போர்த்துக்கீசியமும் இசுபானியமும். தமிழ் அவர்க்கு வாய்த்ததில்லை. இருமொழி அறிந்தாரைக் கூட்டி, சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கற்பனைகள், கருத்தருக்குரிய செபம், மரியன்னை வாழ்த்து ஆகியவற்றைத் தமிழில் ஆக்குவித்து, அவற்றை மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியுடன் தெருத்தோறும் சென்று சிறுவரையும் பெரியோரையும் கூட்டிச் சொல்லுவித்ததாகக் கொச்சியிலிருந்து 1544-ஆம் ஆண்டு சனவரியில் எழுதிய மடலில் அவரே விளக்கியுள்ளார். தாம் அகன்ற ஊர்களில் அப்பணி நின்றுவிடாதபடி கணக்கப்பிள்ளைகளை அமர்த்தினார். அவர்களுக்குரிய ஊதியம், பரதவர் செலுத்திய வரியில் போர்த்துக்கல் அரசியின் காலணிச் செலவுக்கென ஒதுக்கப்பட்டிருந்த 4000 பணத்திலிருந்து பெறப்பட்டது. அரசியின் காலணிப் பணம் கரையூர்ச் சிறுவரின் மனப்பாடத்திற்குச் செலவானது வரலாற்றில் காணும் இனிய முரண்களுள் ஒன்று.

இங்கு ஆராய்ச்சிக்கு மிக வளமான ஒரு சிறு குறிப்புக் கிடைக்கிறது. 1544-ஆம் ஆண்டில், தம் உடன்பணியாளர் பிரான்சிசுக்கோ மான்சில்லாசு என்பார்க்கு எழுதிய மடல் ஒன்றில், செபங்களின் தமிழாக்கத்தில் இரண்டு திருத்தங்களைச் சவேரியார் குறிப்பிடுகிறார். விசுவாசப் பிரமாணத்தின் தொடக்கத்தில், 'நம்புகிறேன்' என்னும் பொருளுக்கு 'எனக்கு வேணும்' என்று மொழிபெயர்ப்பாளர் அமைத்திருந்தனர். அது 'விரும்புகிறேன்' என்று பொருள்படுவது. ஆகவே 'விசுவாசம்' என்னும் சொல்லை ஆளவேண்டும் என்பது முதல் திருத்தம். கிறித்துவின் பாடுகளைக் கூறுமிடத்து 'வன்பினாலே' என்று நாம் கொள்ளத்தக்க ஒரு சொல் இருந்தது. அது வலிந்து செய்யப்பட்டமையைக் குறிக்கும். கிறித்து பாடுபட்டது தம் விருப்பத்தால், வலிமைக்கு உட்பட்டு அன்று. ஆகவே அச்சொல்லை விலக்குக என்பது இரண்டாம் திருத்தம்.

தமிழ் அறியாத ஒருவர் செய்த இத்திருத்தங்கள் வியக்கத்தக்கன. கேட்டுக் கேட்டுத் தெளிந்தாலன்றி 'வேணும்' என்பதன் பொருள் நுட்பம் அவர்க்கு எட்டியிராது. கரை மக்களே அவர்க்கு ஆசிரியராய் இருந்திருத்தல் வேண்டும். கோட்பாட்டு நோக்கில் முதல் திருத்தம் சரியே. கடவுளை விரும்புகிறேன் என்பதும் கடவுள் உண்டென்று ஏற்கிறேன் என்பதும் ஒன்றல்ல. ஆயினும் தமிழ் நோக்கில் அத்திருத்தத்தால் ஒன்று பெறப்பட்டது, ஒன்று இழக்கப்பட்டது. இழக்கப்பட்டது யாது?

'எனக்கு வேணும்' என்பது நான்காம் வேற்றுமையால் அமைந்த தொடர். பசி, குளிர், அச்சம், ஆசை முதலியவற்றைத் தமிழன் 'எனக்கு' என்று கூறுவானேயன்றி 'நான்' என்று கூறுவதில்லை. எனக்குப் பசிக்கிறது, எனக்குக் குளிர்கிறது, எனக்குத் தெரியும், எனக்கு வேண்டும். இவற்றில் 'நான்' வினைமுதல் அன்று. ஒன்று என்னிடத்து வந்து நிகழ்கிறது. 'விசுவசிக்கிறேன்' என்பதிலோ 'நான்' எழுவாய். ஏற்றல் என்னும் செயல் என்னுடையது. முகம் அறியாத அம்மொழிபெயர்ப்பாளர், கடவுட்பற்றை ஒருவன் தன் முயற்சியாற் செய்யும் செயலாகக் கருதாது, ஒருவனுக்கு வந்து வாய்க்கும் வேட்கையாகக் கருதியிருக்கிறார். அது பிழை என்று தள்ளப்பட்டது. தமிழின் வேற்றுமை அமைப்பே அவர் கையைப் பிடித்து அவ்வாறு எழுதுவித்தது என்பேன்.

இதற்கு மேலும் ஒன்று கருதற்குரியது. விசுவாசம் என்னும் வடசொல் நானூறு ஆண்டுக்கு மேல் கத்தோலிக்கர் வழிபாட்டில் நின்றது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962-1965) முடிந்தபின் தமிழாக்கம் புதுக்கப்பட்ட காலத்தில் அவ்விடத்தில் 'நம்புகிறேன்' என்பது வந்து அமர்ந்தது. நம்பு என்னும் இச்சொல்லுக்குப் பழம்பொருள் யாது? தொல்காப்பியனார் உரியியலில், நம்பு, மேவு என்னும் இரண்டனையும் நசைப்பொருள் உடையன என்று ஓதியுள்ளார். நசையாவது விருப்பம். ஆகவே, விரும்புதல் என்னும் பொருள்பற்றி 1544-இல் விலக்கப்பட்ட சொல்லுக்கு ஈடாக, இருபதாம் நூற்றாண்டில் வந்தமர்ந்த சொல்லின் வேரிலும் விருப்பமே உள்ளது. பிறமொழிகளிலும் இவ்வியைபு காணப்படும். ஆங்கிலத்தில் நம்பிக்கையைக் குறிக்கும் வினைச்சொல், அன்புடைமையைக் குறிக்கும் பழஞ்சொல்லோடு ஒரு வேர் உடையது என்பர் சொற்பிறப்பு ஆய்வோர். கரையூர் மொழிபெயர்ப்பாளர் தொல்காப்பியம் கற்றவர் என்று நான் கூறவரவில்லை. கல்லாதார் நாவிலும் மொழி தன் பழைய நெறியை மறவாது நடக்கும் என்பதற்கு இது சான்று. இத்தகைய நடையைக் 'கொச்சை' என்று கூறுவோர், கொச்சைக்கும் வழக்கிற்கும் உள்ள வேற்றுமையை எண்ணிப் பார்த்தல் நன்று.

இரண்டாம் திருத்தம் பற்றியும் ஒரு சொல். 'வன்பு' என்பது அக்கரை மக்களுக்கு நூற்சொல் அன்று. அம்மடல் எழுதப்பட்ட அதே 1544-ஆம் ஆண்டில் வடுகர் படை கரையூர்களைத் தாக்கியது. குமரிமுனைப் பக்கம் கடலிடைப் பாறைகளில் ஒதுங்கி, உணவும் நீருமின்றி மக்கள் வருந்தினர். தோணிகளில் உணவு ஏற்றிச் சவேரியார் அவர்களுக்கு உதவ முயன்றார். பாடுபடுதல் என்றால் வன்மைக்கு உட்படுதல் என்றே அம்மக்கள் அறிந்திருந்தனர். விருப்பத்தோடு ஒருவன் பாடுபடுதல் கூடும் என்பதே அவர்கட்குப் புதுச்செய்தி. மொழிபெயர்ப்பாளர் கைக்கு 'வன்பினாலே' எளிதில் வந்தமைக்கு இதுவே காரணமாகலாம். இங்கே சவேரியார் செய்த திருத்தம் முழுதும் ஏற்கத்தக்கது. அச்சொல் நின்றிருந்தால் கிறித்தவத்தின் நடுக்கருத்தே அக்கரையில் மறைந்திருக்கும்.

சவேரியார்க்குப் பின் 1547-இல் இக்கரைக்கு வந்து, 1600-இல் இறக்கும் வரை இங்கேயே உழைத்தவர் என்றிக்கே என்றீக்கசு என்னும் அண்டிரிக் அடிகளார். தொடக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் துணையை நாடிய அவர், பின்னர்த் தாமே தமிழ் வினைகளைத் திணை, பால், இடம், காலம் பற்றி வகுத்துக் கற்று, 1549-ஆம் ஆண்டளவில் போர்த்துக்கீசிய மொழியில் தமிழ் இலக்கணம் ஒன்று எழுதினார். இலிசுபனில் கையெழுத்துப் படியாகக் கிடந்த அந்நூலை ஃபெர்மேர் 1982-இல் பதிப்பித்தார். சீன் ஹைன், வை. சு. ராசம் இருவரும் ஆங்கிலத்தில் பெயர்த்த பதிப்பு 2013-இல் வெளிவந்தது. நன்னூலார் மரபோடு அதற்குத் தொடர்பு காணுதல் அரிது. சுவாம் தெ பாரோசின் போர்த்துக்கீசிய இலக்கணத்தை முன்மாதிரியாகக் கொண்டு, கரையில் கேட்ட பேச்சு வடிவங்களை அடிகளார் அட்டவணைப்படுத்தினார். அதனாலேயே அந்நூல் நமக்கு விலைமதிப்பற்றது. பதினாறாம் நூற்றாண்டில் ஒரு தமிழ்க் கடற்கரையூரில் மக்கள் எவ்வாறு பேசினர் என்பதற்கு இத்துணை நேரான சான்று பிறிதொன்று எளிதிற் கிட்டாது.

அவ்விலக்கணத்தின் பயனே தம்பிரான் வணக்கமும் அதனைத் தொடர்ந்த நூல்களும். 1578-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் பதினாறு பக்கமே உடையது. அதற்கு முன், 1554-இல் இலிசுபனில் அச்சான தமிழ்ச் செபநூல் உரோமன் எழுத்தில் அமைந்தது; வின்சென்சு தெ நசரேத், சோர்சே கார்வாலோ, தோமா த குரூசு என்னும் மூன்று தமிழர் அதனை ஆக்கினர். கொல்லத்து நூலில் தமிழ் தன் எழுத்திலேயே அச்சேறியது. அச்சகச் செலவுக்குப் பரதவரே பொருள் உதவினர் என்னும் செய்தியை இங்கு மறவாது சேர்த்துக்கொள்ள வேண்டும். தமிழ்ப் புலவனைப் புரந்தோர் வேந்தரும் வள்ளல்களும் மடங்களுமாய் இருந்த நாட்டில், மீன் விற்றும் முத்துக் குளித்தும் பெற்ற பொருளால் ஒரு குலம் தன்னை நோக்கிப் பேசும் நூலைத் தானே அச்சிடுவித்துக் கொண்டது.

இந்நூல்களின் நடையை மதிப்பிடுங்கால் கண்ணை நம்புதல் கூடாது. செவியை நம்ப வேண்டும். கரையூர் மக்களுள் எழுத்தறிந்தோர் சிலரே. கணக்கப்பிள்ளை படிக்க, ஊரார் கேட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். அந்நிலையில் நீண்ட வாக்கியம் பயன்படாது. அடுக்கிவரும் எச்சத்தொடர் நினைவில் நில்லாது. கிரிசித்தியானி வணக்கம் மார்க்கோசு சோர்சே போர்த்துக்கீசியத்தில் எழுதிய வினாவிடை நூலின் ஆக்கம். ஆசான் வினவ, மாணாக்கன் விடையிறுப்பதாக அமைந்தது. வினா முன்னிலை, விடை தன்மை. வினாவின் சொற்களையே விடை திரும்ப ஏற்பதால், கேட்ட அளவில் பாதி மனப்பாடம் ஆகிவிடுகிறது. 'கூறியது கூறல்' என்று ஏட்டு இலக்கணம் குற்றம் சாட்டும் இப்பண்பு, வாய்மொழி உரைநடைக்கு உயிர்நாடி. களவியல் உரைகாரர் வினாவிடை நடையில் அடைந்த அழகை இங்குத் தேடுதல் வேண்டா. அது புலவரவையின் வினாவிடை. இது மணற்பரப்பின் வினாவிடை.

மூவிடம் பற்றி மற்றொரு நுட்பமும் கருதத்தக்கது. கிறித்துவே கற்பித்ததாகப் போற்றப்படும் செபம் 'நாங்கள்' என்னும் பன்மையில் அமைந்தது. போர்த்துக்கீசியத்தில் தன்மைப் பன்மைச் சொல் ஒன்றே. தமிழிலோ கேட்போனை உளப்படுத்துவது ஒன்று, விலக்குவது ஒன்று என இரண்டு உள. இறைவனை முன்னிலைப்படுத்திக் கூறும் செபத்தில் 'நம்' என்றால் இறைவனும் வேண்டுவோருள் ஒருவனாகிவிடுவான். 'எங்கள்' என்றே கூற வேண்டும். வழிபாட்டு வழக்கில் நிலைபெற்றதும் அதுவே. இவ்வேறுபாட்டை அயல்நாட்டு ஆசிரியர் தம் மொழியினின்று பெற்றிரார். தமிழ் அவர்க்குக் கற்பித்தது. 'எங்கள்' என்று ஓர் ஊரே ஒருங்கு கூறுங்கால், அவ்வூர் தன்னை ஒரு தன்மைப் பன்மையாக முதன்முதல் எழுத்தில் காண்கிறது.

குறைகளும் பல. சமயக் குறியீடுகளைத் தமிழாக்க அடிகளார் அஞ்சினார். கொம்பெசியொனாயரு என்னும் பெயரே அதற்குச் சான்று. ஒப்புரவு கேட்பார்க்கும் செய்வார்க்கும் உதவும் அந்நூலின் பெயர், செய்வார் பலர்க்கும் பொருள் விளங்காத ஒலியாகவே இருந்திருக்கும். பிறமொழிச் சொல் புகுவது தன்னளவில் குற்றம் ஆகாது. சாவி, சன்னல், மேசை, அலமாரி என்பன போர்த்துக்கீசியமாக வந்து தமிழாய் நிலைத்தன. ஆனால் அவை பொருளோடு வந்த சொற்கள். பொருள் உள்ளத்திற் புகுமுன் சொல் மட்டும் புகுவது வேறு. இதற்கு நேர்மாறாகத் 'தம்பிரான்' என்னும் சொல்லாட்சியைப் பாராட்ட வேண்டும். சைவ மடத்தார்க்கும் அரசர்க்கும் வழங்கிய அச்சொல்லைத் துணிந்து எடுத்தாண்ட ஒருவர், பிற இடங்களிலும் அத்துணிவைக் காட்டியிருக்கலாம்.

இதனினும் பெரிய குறை ஒன்று உண்டு. கிறித்துவின் முதல் மாணாக்கராகிய பேதுரு, அந்திரேயா, யாக்கோபு, யோவான் ஆகியோர் கலிலேயக் கடலில் வலை வீசியவர்கள். கரைக்கு இழுத்த வலையிலிருந்து நல்ல மீனைக் கூடையிற் சேர்த்து, ஆகாததை எறிந்துவிடும் உவமை மத்தேயு எழுதிய நற்செய்தியில் உள்ளது. புயல், தோணி, இரவு முழுதும் உழைத்தும் மீன் படாமை, விடியலிற் கரையில் மூட்டிய தீ ஆகிய இவை யாவும் நற்செய்தி நூல்களில் உள்ளன. இவற்றைக் கேட்டுப் பொருள் உணர, புன்னைக்காயல் மக்களை விடத் தகுதி வாய்ந்த அவை உலகில் வேறெங்கே கிடைக்கும்? ஆனால் தம்பிரான் வணக்கத்தில் கதை இல்லை. செபமும் கட்டளையுமே உள்ளன. அடியார் வரலாறு வந்தபோதுதான் கதைக்கு இடம் வாய்த்தது. அதுவும் திருநாள் முறைப்படி அடியவர் வாழ்வைக் கூறுவது. நற்செய்தி நூல்கள் தமிழில் அச்சாக 1714-ஆம் ஆண்டுத் தரங்கம்பாடிப் பதிப்பு வரை காத்திருக்க நேர்ந்தது. நெய்தல் மக்களிடம் வந்த சமயம், தன்னிடம் இருந்த நெய்தற் கதைகளை முதலில் எடுத்துக் கூறாமற் போனது இலக்கிய நோக்கில் பேரிழப்பு. பயிற்சியின் வடிவை ஐரோப்பாவில் வகுத்து இங்குக் கொணர்ந்தமையால் விளைந்தது இது.

நூல் தராததை மக்கள் தாமே ஆக்கிக்கொண்டனர். மணப்பாட்டுத் திருச்சிலுவை, புயலிற் சிக்கித் தப்பிய மரக்கலத்தின் பாய்மரத்தாற் செய்யப்பட்டது என்பது அவ்வூர் மரபு. தூத்துக்குடிப் பனிமய மாதா திருவுருவம் 1555-இல் மணிலாவிலிருந்து கடல்வழி வந்தது என்பர். அவ்வன்னைக்கு 1806-இல் பொன்தேர் ஓடியது. தேர் என்னும் வடிவம் எங்கிருந்து வந்தது என்று கூற வேண்டுவதில்லை. சமயம் கடல்வழி வந்தது என்னும் செய்தியைக் கடலே சமயத்தைத் தந்தது என்னும் நம்பிக்கையாக மக்கள் மாற்றிக்கொண்டதை இம்மரபுகள் காட்டும். எழுதப்பட்ட உரைநடையில் இல்லாத கடல் இங்கே உள்ளது.

கரைத் தமிழ் உள்நாட்டிற்குச் செல்லவில்லை. மதுரையில் கொன்சாலோ பெர்னாந்தசு 1595 முதல் பரதவர்க்கும் போர்த்துக்கீசியர்க்கும் பணி செய்துவந்தார். 1606-இல் அங்கு வந்த இராபர்ட்டு தெ நொபிலி, அங்குக் கிறித்தவம் 'பரங்கி மார்க்கம்' என்றே வழங்குவதைக் கண்டார். திருமுழுக்குப் பெறுவோனிடம் பரங்கிக் குலத்திற் சேர விருப்பமா என்று வினவும் வழக்கம் இருந்ததாக அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். அவ்வினாவை அவர் நீக்கினார். அதனோடு கரையையும் நீக்கினார். சருவேசுரன் முதலிய வடசொற்கள் வந்தன, தருக்கம் வந்தது, நடை உயர்ந்தது, முன்னிலை மாறியது. இப்போது நூலின் எதிரில் அமர்ந்திருப்பவர் கற்றோரும் மேற்குலத்தாரும். கரை மக்களின் சமயம் என்னும் அடையாளத்தைத் துடைத்தபின் பெற்ற உயர்வு அது என்பதை, தத்துவ போதகரின் நடையைப் போற்றும் நாம் உடன் குறித்தல் நேர்மை. இக்கட்டுரை எழுதப்படும் தருமபுரிப் பகுதிக்குப் பழங்காலத்தில் கத்தோலிக்கக் கிறித்தவம் வந்தது மைசூர் மிசனின் வழியே. அஃது உழவரிடையே, நொபிலியாரின் சொற்களோடு வந்தது. ஒகேனக்கல்லில் காவிரியிற் பரிசல் விட்டு மீன் பிடிப்போர் இங்கும் உள்ளனர். நெய்தல் கற்பிக்குங்கால் அவர்களையே மாணவர்க்கு எடுத்துக்காட்டாகக் கூற வேண்டியுள்ளது. ஆற்று மீனவர்க்குத் திணையும் இல்லை, தம்பிரான் வணக்கமும் இல்லை என்பது வேறொரு கட்டுரைக்குரிய பொருள்.

படர்க்கையும் முன்னிலையும் கண்டோம், தன்மை எஞ்சியுள்ளது. 'விசுவசிக்கிறேன்' என்று பரதவன் கூறிய தன்மை பிறர் அவனுக்கு ஆக்கித் தந்தது. அவனே தனக்கு ஆக்கிக்கொண்ட தன்மை புனைகதையில் நெடுங்காலத்திற்குப் பின்னரே தோன்றுகிறது. வண்ணநிலவனின் கடல்புரத்தில் (1977) மணப்பாட்டைக் களமாகக் கொண்டு, விசைப்படகு வந்தபின் வல்லத்தை விட மனமில்லாத குரூசு மிக்கேலின் வீழ்ச்சியைக் கூறியது. இரக்கம் மிக்க நூல்; ஆயினும் அன்புடைய அயலவர் நோக்கு அதில் உள்ளது. உவரியிற் பிறந்த சோ டி குரூசு எழுதிய ஆழி சூழ் உலகு (2004) கரையின் பேச்சைக் கரைக்குள்ளிருந்தே எழுதிற்று. அவருடைய கொற்கைக்குச் (2009) சாகித்திய அகாதெமி 2013-இல் பரிசளித்தது. எனினும் இக்கட்டுரைப் பொருளுக்கு முன்னதே உரியது.

ஆழி சூழ் உலகின் மொழியை எதிர்கொண்ட வாசகர் பலர், வட்டாரச் சொற்களுக்குப் பொருள் தேடித் திணறினர். தம்பிரான் வணக்கத்தின்மீது சாட்டிய அதே குற்றம் நானூறு ஆண்டு கழித்து இதன்மீதும் சாட்டப்பட்டது. கரைத் தமிழைக் கற்றோர் உலகம் எதிர்கொள்ளும் முறை மாறவில்லை என்பதற்கு இஃது அடையாளம். அந்நாவலில் கிறித்தவம் கோட்பாடாக வருவதினும் பெயராகவும், ஆணையாகவும், ஏசலாகவும், ஆலயமணி ஓசையாகவும் வருவதே மிகுதி. கோத்ராப் பிள்ளை, சூசை, சிலுவை என்னும் மூவர் நடுக்கடலில் மரம் சிதைந்து தத்தளிப்பது அதன் நிலைச்சட்டம். மூவருள் இளையவன் சிலுவை. அவன் பிழைத்தற்பொருட்டு மூத்தோர் தம் உயிரை விட்டுக்கொடுக்கின்றனர். எவரும் அவர்களைத் தள்ளவில்லை. பற்றியிருந்ததைத் தாமே விடுகின்றனர். 1544-இல் மணற்கரையில் மனப்பாடம் செய்விக்கப்பட்ட செபத்திலிருந்து 'வன்பினாலே' என்னும் சொல் ஏன் நீக்கப்பட்டது என்பதற்கு, கரையே எழுதிய உரை இப்பகுதி. கோத்ராப் பிள்ளையின் முடிவு பற்றி எழுதிய திறனாய்வாளர் பலரும் 'தியாகம்' என்னும் சொல்லோடு நிறுத்திக்கொண்டனர். சவேரியார் மடலையும் அப்பகுதியையும் அருகருகே வைத்துப் படித்தல் வேண்டும்.